சி.எஸ்.ஐ.ஆர். எதற்காகத் தொடங்கினார்கள்? இன்று யாருக்கு வேலை செய்கிறது?

மண்டபம்வாசி எழுதியது:

போன வாரம் அக்கா மகளுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப்., அதாவது முனைவர் பட்ட ஆய்வுக்கான உதவித்தொகை, கிடைத்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். கேசரியைக் கையில் வைத்துக்கொண்டே அவளுடைய அப்பத்தா கேட்டார்: "சி.எஸ்.ஐ.ஆர்.னா கவர்மென்ட்டா, கம்பெனியாப்பா?"

என் அப்பா அங்கே முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அந்தச் சம்பளத்தில் வளர்ந்த எனக்கே சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் கேள்வி சரியானதுதான். சி.எஸ்.ஐ.ஆர்., அதாவது அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம் என்பது அரசுத் துறையும் இல்லை, கம்பெனியும் இல்லை. 1860ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம். பணம் பெரும்பாலும் மத்திய அரசினுடையது. தலைவர், யார் பிரதமரோ அவர். இப்படி ஒரு அமைப்பு ஏன் வந்தது என்பதைத் தெரிந்தவரை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குக் கப்பல்கள் குறைந்தன. மருந்து, சாயம், மசகு எண்ணெய், கண்ணாடி என்று எதற்கெடுத்தாலும் இறக்குமதியை நம்பியிருந்த நாடு. அப்போது வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் வணிகத் துறையைக் கவனித்தவர் ஆற்காடு ராமசாமி முதலியார். நீதிக் கட்சிக்காரராக நமக்குத் தெரிந்த அதே முதலியார்தான். இந்தியாவுக்கென்று ஒரு ஆராய்ச்சி அமைப்பு வேண்டும் என்று விடாமல் வாதாடினார். 1940 ஏப்ரல் 1ஆம் தேதி அறிவியல், தொழில் ஆராய்ச்சி வாரியம் அமைந்தது. இரண்டே ஆண்டு ஆயுள், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். தலைவர் முதலியார். இயக்குநராக வந்தவர் லாகூர் வேதியியல் பேராசிரியர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர்.

அந்த இரண்டு வருஷத்தோடு கதை முடிந்திருக்கலாம். 1941 நவம்பர் 14 அன்று மத்திய சட்டசபையில் முதலியார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: தொழில் ஆராய்ச்சிக்குத் தனி நிதி, ஆண்டுக்கு 10 லட்சம், ஐந்து ஆண்டுகளுக்கு. அது நிறைவேறியதால்தான் 1942 செப்டம்பர் 26 முதல் கழகம் இயங்க ஆரம்பித்தது. இன்றும் அந்தத் தேதிதான் நிறுவன நாள்.

நான் கேட்க வந்தது இதுதான். தொழிலுக்கு உதவத்தான் இதைத் தொடங்கினார்கள். என் அப்பா செய்த வேலையால் எந்தக் கம்பெனியும் நேரடியாகக் காசு பார்த்ததில்லை. அந்த வேலை இல்லாமல் போயிருந்தால் யாருக்கு நஷ்டம்? என் பதில் எனக்கு இருக்கிறது. முதலில் உங்களுடையதைக் கேட்கிறேன்.

—

வைகைக்கரை எழுதியது:

நல்ல இழை. ஆனால் நான் எதிர்ப்பக்கம் நின்றுதான் பேசப்போகிறேன், கோவித்துக்கொள்ளாதீர்கள்.

தொடக்கத்திலேயே ஒரு தப்பு நடந்தது. ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனித்தனி ஆய்வகங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1943இல் பட்நாகர் கொடுத்த ஐந்து ஆய்வகத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது: இயற்பியல், வேதியியல், எரிபொருள், கண்ணாடி–பீங்கான், உலோகவியல். சுதந்திரம் வந்ததும் வேகம் கூடியது. 1955 ஜனவரி 1இல் அவர் இறக்கும்போது பன்னிரண்டு தேசிய ஆய்வகங்கள் உருவாகியிருந்தன. நேருவின் ஆதரவு முழுக்க அவருக்கு இருந்தது. இதைத்தான் சர் சி.வி. ராமன் "நேரு–பட்நாகர் விளைவு" என்று கடுப்போடு சொன்னார். கட்டடமும் கருவியும் ஒரு பக்கம், மாணவர்கள் இன்னொரு பக்கம் என்று ஆகிவிடும் என்பது அவருடைய கவலை.

அவர் பயந்தது நடந்ததா இல்லையா? நான் படித்த அரசுக் கல்லூரியில் நிறமாலைமானி ஒன்று உடைந்து மூன்று வருஷம் துணி போர்த்திக் கிடந்தது. அந்தக் காசு கல்லூரிகளுக்கு வந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் கருவியைத் தொட்டுப் பழகியிருப்பார்கள்!

இன்னொன்று. ஸ்வராஜ் டிராக்டரைப் பெருமையாகச் சொல்வார்கள். கழகத்தின் துர்காபூர் ஆய்வகத்தில் வடிவமைத்தது உண்மை. ஆனால் 1974இல் அது சந்தைக்கு வந்தது எப்படி? வடிவமைத்த பொறியாளர்களே ஆய்வகத்தை விட்டு வெளியேறி, பஞ்சாப் டிராக்டர்ஸில் சேர்ந்து, அவர்களே தயாரித்ததால் வந்தது. உள்ளேயே இருந்திருந்தால் வரைபடம் அலமாரியில்தான் இருந்திருக்கும்.

—

பாலாற்றங்கரை எழுதியது:

வைகைக்கரை அண்ணா, உங்கள் கல்லூரிக் கதை எனக்கும் வலிக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். வாணியம்பாடியில் மூன்று தலைமுறையாகத் தோல் தொழில் எங்களுக்கு.

தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையில்தான் பதம். பட்டையை இடித்துத் தொட்டியில் ஊறப்போட்டு, தோலை அதில் இறக்கி, வாரக்கணக்கில் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஈஸ்ட் இந்தியா தோல் என்று சென்னைத் துறைமுகம் வழியாகச் சீமைக்குப் போனது அதுதான். அரைப்பதத்தில் அனுப்புவோம். மெருகேற்றி செருப்பாகவும் பையாகவும் ஆக்கி லாபம் பார்த்தது அவர்கள்.

1948இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது, நாங்கள் சி.எல்.ஆர்.ஐ. என்போம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த லட்சுமணசாமி முதலியார் அதற்குத் துணை நின்றார். மண்டபம்வாசி சொன்ன ராமசாமி முதலியாரின் இரட்டைச் சகோதரர். ஒருவர் டெல்லியில் கழகத்துக்கு வித்திட்டார், இன்னொருவர் சென்னையில் அதன் ஒரு கிளைக்கு இடம் பார்த்துக் கொடுத்தார். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

1958இல் ஒய். நாயுடம்மா இயக்குநர் ஆனார். தெனாலிப் பக்கத்து விவசாயக் குடும்பம். தோல் வேலை என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்குகிற சமூகத்தில், படித்தவர்களைக் கூட்டிக்கொண்டு, தோல் பதனிடும் டேனரிக்குள் வந்தவர். பின்னாளில் கழகத்தின் தலைமை இயக்குநர் ஆனார். 1985இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் வைத்த குண்டு அவர் உயிரையும் கொண்டுபோனது. எங்கள் வீட்டுக் கல்லாப்பெட்டிக்கு மேலே அவர் படம் ரொம்ப நாள் மாட்டியிருந்தது.

வைகைக்கரை அண்ணாவின் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. அங்கே மாணவர்களும் இருந்தார்கள். எதிரே ஏ.சி. காலேஜ் ஆஃப் டெக்னாலஜி. தோல் தொழில்நுட்பம் படித்த பிள்ளைகள் சாலையைக் கடந்து ஆய்வகத்துக்குப் போய், அங்கிருந்து எங்கள் டேனரிக்குப் பயிற்சிக்கு வருவார்கள். ராமன் கேட்டதும் இதுதானே? எல்லா ஊரிலும் அப்படி அமையவில்லை. அது வேறு விஷயம்.

—

வைகைக்கரை எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னது ஏற்கத்தக்கது. அப்படியே பாலாற்றைப் பற்றியும் சொல்லுங்கள். ஆய்வகம் பக்கத்திலேயே இருந்தும் அந்த ஆறு ஏன் செத்தது?

—

பாலாற்றங்கரை எழுதியது:

சொல்கிறேன். மறைக்க எதுவும் இல்லை.

பட்டைக்குப் பதில் குரோமியம் வந்தது. வாரக்கணக்கில் ஆன வேலை ஒரே நாளில் முடிந்தது. டிரம்மில் தோலைப் போட்டு, உப்பும் அமிலமும் விட்டு ஊறவைப்பதை பிக்கிளிங் என்போம். பிறகு குரோம் உப்பைக் கொட்டிச் சுற்றவிட்டால் தோல் இளநீலமாக வெளியே வரும். வெட் புளூ என்று பெயர். வழக்கமான முறையில் போடுகிற குரோமியத்தில் அறுபது, எழுபது சதவீதம்தான் தோலில் ஏறும். மிச்சம் தண்ணீரோடு போகும், கூடவே மூட்டை மூட்டையாகக் கொட்டிய உப்பும். நான் சின்னப் பையனாக இருந்தபோது வாய்க்கால் நீலமும் பச்சையும் கலந்து ஓடியதைப் பார்த்திருக்கிறேன். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் ஆனது. தென்னை கருகியது. அதற்கு நாங்களும் பொறுப்பு.

1996இல் வேலூர் குடிமக்கள் நலச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நம் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்பு அது. கழிவைச் சுத்திகரி, இல்லாவிட்டால் இழுத்து மூடு என்றார்கள். பெரிய டேனரிக்காரர் வெளிநாட்டு ஆலோசகரை வைத்துக்கொள்வார். பத்து ஆள் வைத்து நடத்துகிற எங்களை மாதிரி ஆள் எங்கே போவான்? பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எப்படி அமைப்பது, குரோமியத்தைப் பிடித்துத் திரும்ப எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுக்கொள்ள நாங்கள் அடையாற்றுக்குத்தான் ஓடினோம். பிற்பாடு அவர்களே பிக்கிளிங் இல்லாமலும், தனியாகத் தண்ணீர் விடாமலும் குரோம் ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார்கள். முதல் முறை எங்கள் டிரம்மில் ஓட்டிய அன்று, தோலை வெட்டிக் குறுக்குவெட்டில் நீலம் நடுவரைக்கும் இறங்கியிருக்கிறதா என்று அப்பா வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இறங்கியிருந்தது.

இதெல்லாம் முன்னாலேயே வந்திருக்க வேண்டாமா என்றால், வேண்டும். ஆய்வகம் சொல்லும், ஆனால் செய்யவைக்கும் அதிகாரம் அதற்கில்லை. நாங்களும் கோர்ட் கதவைத் தட்டுகிற வரைக்கும் காதில் வாங்கவில்லை.

—

தரமணி_சிவில் எழுதியது:

சுருக்கமாக. சென்னைத் தரமணியில் கழகத்தின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் மின்கோபுரச் சோதனை நிலையம் இருக்கிறது. உயரழுத்த மின்கம்பி தாங்கும் கோபுரத்தை முழு அளவில் நிறுத்தி, நாலா பக்கமும் வடம் கட்டி இழுப்பார்கள். சுமையைப் படிப்படியாக ஏற்றுவார்கள். தாங்க வேண்டிய அளவைத் தாங்குகிறதா, எந்த உறுப்பு முதலில் மடிகிறது என்று பார்ப்பார்கள். நான் ஒருமுறை நேரில் பார்த்தேன். கால் பக்கத்தில் ஒரு கோணச்சட்டம் வளைந்த அடுத்த நொடி மொத்தக் கோபுரமும் முழங்கால் மடங்கியதுபோல உட்கார்ந்தது. யாரும் சத்தம் போடவில்லை, எல்லாரும் குறிப்பெடுத்தார்கள்.

தயாரிப்பவரே தன் கோபுரத்துக்குச் சான்று கொடுத்தால் எத்தனை பேர் நம்புவோம்? வாங்குபவர், விற்பவர் இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு இடம் வேண்டும். எனக்குக் கழகம் என்றால் அதுதான்.

டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் அப்படித்தான். நாட்டின் கிலோகிராமும் மீட்டரும் அதன் பொறுப்பில். நம் கடிகாரம் காட்டுகிற இந்திய நேரத்தை அணுக்கடிகாரம் வைத்துப் பராமரிப்பதும் அங்கேதான். அதன் முதல் இயக்குநர் விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், ராமனோடு சேர்ந்து ராமன் விளைவைக் கண்டவர். தேர்தலில் விரலில் வைக்கும் மையும் அந்த ஆய்வகம் உருவாக்கியதுதான். 1962 பொதுத் தேர்தலிலிருந்து மைசூரில் தயாரித்து அனுப்புகிறார்கள்.

—

குடுவை எழுதியது:

இங்கே எல்லாரும் வெளியிலிருந்து பேசுகிறீர்கள். நான் உள்ளே ஐந்து வருஷம் இருந்தவள். எந்த ஆய்வகம் என்று சொல்லப்போவதில்லை.

ஜே.ஆர்.எஃப். தொகை 2023லிருந்து மாதம் 37,000 ரூபாய், கூடவே வீட்டு வாடகைப்படி. கேட்க நன்றாக இருக்கும். என் காலத்தில் தொகை இதைவிடக் குறைவு, அதுவும் ஏழு மாதம் வராமல் இருந்தது. படிவம் ஒரு மேசையில், கையெழுத்து இன்னொரு மேசையில். ஹாஸ்டல் மெஸ் பாக்கி ஏறிக்கொண்டே போனது. ஊரிலிருந்து அம்மா நகையை வைத்துப் பணம் அனுப்பினார். அந்த ஏழு மாதமும் காலை எட்டு மணிக்குப் போய் வேதிவினையை ஏற்றி, இரவு பதினொரு மணிக்கு இறக்கினேன். ஒரு நாள்கூட விட்டதில்லை.

ஆய்வு மாணவர்களின் கையில்தான் இந்த அமைப்பு ஓடுகிறது. விஞ்ஞானி திட்டம் எழுதுவார். குடுவையைக் கழுவுவதும், ராத்திரி மூன்று மணிக்கு வெப்பநிலையைப் பார்ப்பதும், பத்தாவது தடவை தோற்ற பிறகு பதினோராவது தடவை செய்து பார்ப்பதும் இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள். நேருவும் பட்நாகரும் கட்டிய கதையைச் சொல்லும்போது இவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அந்த இடத்தை வெறுக்க முடியவில்லை. கிராமத்துப் பள்ளியில் படித்துவிட்டு வந்த நான், கோடிக்கணக்கில் விலையுள்ள கருவியில் என் கையால் மாதிரியை வைத்தேன். எந்தத் தனியார் கம்பெனியும் அன்றைக்கு என்னை உள்ளே விட்டிருக்காது.

—

கொல்லிமலை எழுதியது:

சித்த மருத்துவன். மஞ்சள் வழக்கை யாரும் சொல்லவில்லையே? காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு. நம் வீட்டில் காலில் முள் குத்தினால் பாட்டி அரைத்துப் பூசியது! கழகம், அப்போதைய தலைமை இயக்குநர் மஷேல்கர் காலத்தில், பழைய நூல்களையும் ஆய்விதழ்களையும் ஆதாரமாகக் காட்டி எதிர்த்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது. அதன் பிறகு 2001இல் பாரம்பரிய அறிவு மின்னூலகம் தொடங்கினார்கள். அதில் நம் சித்த மருத்துவச் சுவடிகளும் உண்டு. வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலர் தேடிப் பார்த்துக்கொள்ளும்படி அயல்மொழிகளில் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். பாட்டிமார் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. அவர்களுக்காக ஒரு பொது அமைப்பு போய் நின்றது.

—

வைகைக்கரை எழுதியது:

குடுவை எழுதியதைப் படித்த பிறகு என் வாதத்தை மாற்றிக்கொள்கிறேன். முழுக்க இல்லை, பாதி. ஆய்வகம் கட்டியதில் தப்பில்லை. கல்லூரிக்குப் பாலம் போடாமல் விட்டதுதான் தப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவின் முதல் தலைவரும் பட்நாகரே என்பதை நேற்றுதான் கவனித்தேன். இரண்டு கயிறும் ஒரே கையில் இருந்திருக்கின்றன. ஒரு வருஷம் சொச்சத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்திருந்தால் முடிச்சுப் போட்டிருப்பாரோ என்னவோ.

மண்டபம்வாசி, உங்கள் பதிலைக் கடைசியில் சொல்கிறேன் என்றீர்களே?

—

மண்டபம்வாசி எழுதியது:

சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

காரைக்குடிக்காரர்களுக்கு சிக்ரி என்றால் தெரியும், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அன்றைய 15 லட்சம்! கழகத்தின் முதல் ஆண்டு நிதியே 10 லட்சம்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் சமயத்தில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். செம்மண்ணும் முள்ளுக்காடுமாகக் கிடந்த இடம். அங்கே பி.டெக். படிப்பும் நடக்கிறது வைகைக்கரை, நீங்கள் கேட்ட பாலம் சின்னதாக ஒன்று அங்கே இருக்கிறது.

அந்த சிக்ரியின் கிளை ஒன்று மண்டபத்தில். இரும்பை உப்புக்காற்று எவ்வளவு வேகத்தில் தின்கிறது என்று பார்க்கும் நிலையம். அப்பா அங்கே தொழில்நுட்ப உதவியாளர். வேலை என்ன தெரியுமா? போஸ்ட் கார்டு அளவு இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் எண் பொறித்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, எடை போட்டு, கடலைப் பார்த்து நிற்கும் மரச் சட்டங்களில் சாய்வாக மாட்டுவார்கள். மாட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மாதங்கள், சிலது வருஷங்கள். பிறகு கழற்றி, அமிலக் கரைசலில் துருவைக் களைந்து, உலர்த்தி, மறுபடி எடை. முதல் எடையில் இதைக் கழித்தால் காற்று தின்றது எவ்வளவு என்று தெரியும். பூச்சு பூசியது, பூசாதது, துத்தநாகம் முலாம் போட்டது என்று வரிசை வரிசையாக நிற்கும். பள்ளி விட்டு வந்து அந்தச் சட்டங்களுக்கு நடுவே ஓடியிருக்கிறேன். புதுத் தகடு கண்ணாடி மாதிரி மின்னும். ஒரு மழைக்காலம் போனால் செதில் செதிலாக உரியும்.

இப்படி நாடு முழுக்க எடுத்த கணக்கை வைத்துத்தான் இந்தியாவின் அரிமான வரைபடம், அதாவது எந்த ஊரில் உலோகம் எவ்வளவு அரிக்கும் என்று காட்டும் படம், போட்டார்கள். எந்த ஊரில் பாலம் கட்டினால் என்ன பூச்சு, எத்தனை வருஷத்துக்கு ஒருதரம் என்று பொறியாளர் அதைப் பார்த்து முடிவெடுக்கலாம். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் காற்றில் நின்றதே, விடாமல் பூச்சு பூசிப் பராமரித்த ரயில்வே ஊழியர்களின் உழைப்பு அது. அந்தக் காற்று எப்படிப்பட்டது என்று அளந்து சொன்னது எங்கள் அப்பா மாதிரி ஆட்கள்.

இந்த வேலையை எந்தக் கம்பெனி செய்யும்? விற்க எதுவும் இல்லை. ஐந்து வருஷம் தகட்டை வெயிலில் போட்டுவிட்டுக் காத்திருக்க எந்த முதலாளிக்கும் பொறுமை இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை. அதனால்தான் எத்தனை காப்புரிமை, எவ்வளவு வருமானம் என்று மட்டும் கேட்டு ஆய்வகத்தை மதிப்பிடும்போது எனக்கு வயிறு எரிகிறது. எண்ணிக்கை கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் தகடும் தரமணிக் கோபுரமும் எங்கே வரும் என்றும் கேளுங்கள்.

2022இல் கழகத்துக்கு முதல் பெண் தலைமை இயக்குநராக வந்த கலைச்செல்வி அதே சிக்ரியில் இயக்குநராக இருந்தவர். அம்பாசமுத்திரத்துக்காரர், தமிழ்வழியில் படித்தவர். அந்தச் செய்தி வந்த அன்று அப்பா பேப்பரை மடிக்காமல் மேசைமேல் விரித்தே வைத்திருந்தார்.

—

புதுவரவு எழுதியது:

மாமா, உங்கள் அக்கா மகள்தான் எழுதுகிறேன். இழை முழுக்கப் படித்தேன். அப்பத்தாவுக்கும் படித்துக் காட்டினேன். வேதியியல் முடித்திருக்கிறேன். எங்கே சேர்வது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. குடுவை அக்கா, சேருவதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும், சொல்வீர்களா?

—

குடுவை எழுதியது:

சொல்கிறேன்மா. ஆய்வகத்தின் பெயரைப் பார்த்துச் சேராதே, வழிகாட்டியைப் பார்த்துச் சேர். அவரிடம் படித்து முடித்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேள். இப்போது படிக்கிறவர்களைத் தனியாக, கேன்டீனில் வைத்துக் கேள். ஆய்வகத்தில் உட்கார்ந்து யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவாகும் என்று சேரும்போதே எழுத்தில் வாங்கு. கழகத்துக்கென்றே அக்சிர் என்ற பட்டம் வழங்கும் கல்விக்கழகம் இருக்கிறது, பெரும்பாலும் அதில்தான் பதிவார்கள். சேர்ந்த முதல் மாதமே உதவித்தொகைப் படிவங்கள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, கொடுத்த தேதி போட்டுக் கோப்பில் வை.

—

பாலாற்றங்கரை எழுதியது:

தங்கச்சி, தோல் பக்கம் வந்தால் எங்கள் டேனரிக் கதவு திறந்தே இருக்கும். தண்ணீரில் போகிற உப்பு இன்னும் முழுசாகத் தீர்ந்தபாடில்லை. அதைத் தீர்க்க ஆள் வேண்டும்.

—

மண்டபம்வாசி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வா. தாத்தா உனக்கு அந்தச் சட்டங்கள் நின்ற கரையைக் காட்டுகிறேன் என்கிறார். முழங்கால் வலி, ஆனாலும் நடப்பாராம். எண் பொறிக்கும் இரும்பு அச்சு ஒரு செட் இன்னும் பரணில் இருக்கிறது. 7 மட்டும் காணவில்லை. நேற்றிலிருந்து அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.